புறங்கூறாமை என்னும் நோன்பு

(திருக்குட நீராட்டு விழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயில்களில் குடமுழுக்கு நிகழ்வதற்கு முன்னர் அட்டபந்தனம் சாத்தும் வினை ஒன்று உண்டு. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டுப் பொருள்களையும் சேர்த்து இடித்து, இளகிய பதத்தில் எடுத்து, இறைவன் திருமேனிக்கும் பீடத்துக்கும் இடையே இட்டு இறுக்குவர். அம்மருந்து உறுதியாக இருக்குமளவும் திருமேனி அசையாது. திருமுழுக்கு நீரும் பீடத்தின் உள்ளே இறங்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் நீர் கசியும். ஆதலின் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் பழைய மருந்தை அகற்றிப் புதிய மருந்து சாத்துதல் மரபாயிற்று.

கல்லோடு கல்லைப் பிணிப்பதற்கு எட்டுப் பொருள்கள் வேண்டியுள்ளன. கோயிலைச் சூழ்ந்து வாழும் மக்களின் மனத்தோடு மனத்தைப் பிணிப்பது ஒரே பொருள். அஃது ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கை. அந்நம்பிக்கை வெடிப்பதற்குப் பெரும்பகை எதுவும் வேண்டுவதில்லை. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றித் தாழ்ந்த குரலில் கூறப்படும் ஒரு சொல் போதும். முதலில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. கசிவு தெரியும்பொழுது பீடமே ஆடத் தொடங்கியிருக்கும். எனவே, கற்பீடத்தில் மருந்து சாத்தியுள்ள இந்நன்னாளில், மனப்பீடத்தின் வெடிப்புக்கு மருந்தாகிய புறங்கூறாமையைப் பற்றிச் சிந்தித்தல் பொருத்தமுடையது.

பெயரே உணர்த்தும் பொருள்

புறம் என்னும் சொல்லுக்கு முதுகு என்பதும் ஒரு பொருள். ஒருவருடைய முகத்துக்கு நேரே கூற இயலாததை முதுகுக்குப் பின்னே கூறுதல் புறங்கூறல். இக்குற்றத்துக்குத் தமிழில் வேறு பெயர்களும் உள்ளன. குறளை என்பர், கோள் என்பர், தூற்றல் என்பர். தூற்றல் என்னும் சொல் ஓர் உண்மையை விளக்குகிறது. களத்தில் நெல்லைத் தூற்றும் உழவன், பதரைக் காற்றிலே போக்கி, மணியைத் தன் காலடியில் குவித்துக்கொள்கிறான். பழி தூற்றுவோனும் காற்றிலேதான் தூற்றுகிறான். ஆயின் அவன் ஒருவருடைய வாழ்விலுள்ள மணிகளையெல்லாம் மறந்துவிட்டு, பதரை மட்டும் ஊரெங்கும் பறக்கவிடுகிறான். மணிக்கு எடை உண்டு. விழுந்த இடத்தில் கிடக்கும். பதருக்கு எடையில்லை, அது நெடுந்தொலைவு செல்லும். ஒருவர் செய்த நன்மை அடுத்த தெருவுக்கு எட்டுவதற்குள் அவர்மேற் கூறப்பட்ட பழி அடுத்த ஊருக்கு எட்டிவிடுகிறது. கைபேசி வந்துவிட்ட இக்காலத்திலோ அடுத்த நாட்டுக்கே எட்டிவிடுகிறது.

இதிலுள்ள கொடுமை யாது? குற்றஞ்சாட்டப்பட்டவர் அங்கே இல்லை என்பதே அது. எத்தகைய கள்வனாயினும் முறைமன்றத்தில் அவனை நிறுத்தி, அவன் கூறுவதையும் கேட்ட பின்னரே தண்டம் விதிப்பர். புறங்கூறுவோர் கூடியிருக்கும் திண்ணையிலோ வழக்குண்டு, சாட்சியுண்டு, தீர்ப்பும் உண்டு. வழக்குக்கு உரியவர் மட்டும் இல்லை. தம்மீது தீர்ப்புக் கூறப்பட்டதையும் அவர் அறியார். மறுநாள் கோயில் வாயிலில் எதிர்ப்பட்டோர் முகம் மாறியிருப்பதை மட்டுமே காண்பார். காரணம் அறியாது கலங்குவார்.

வள்ளுவர் வைத்த இடம்

திருவள்ளுவர் புறங்கூறாமையைத் திருக்குறளின் 19ஆம் அதிகாரமாக வைத்தார். அஃது அமைந்துள்ள இடம் உற்று நோக்கத்தக்கது. 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. 18ஆம் அதிகாரம் வெஃகாமை. 20ஆம் அதிகாரம் பயனில சொல்லாமை. பிறர் ஆக்கம் கண்டு பொறாமையும், பிறர் பொருளை விழையும் அவாவும் உள்ளத்துள் மறைந்திருக்கும் நோய்கள். உள்ளிருக்கும் நோய் வாய்வழியே வெளிப்படுவது புறங்கூறல். அந்நோயும் இல்லாமல், பொழுதுபோக்காகவே பேசிப் பேசி நா பழகிவிடுவது பயனில் சொல். உள்ளத்தின் நோய்கள் ஒருபுறமும் வெறும்பேச்சு மறுபுறமும் நிற்க, இடையே புறங்கூறலை வைத்த முறையில் ஒரு மருத்துவரின் நோக்கு புலனாகின்றது. நாவை மட்டும் கட்டினால் நோய் தீராது. உள்ளத்தில் பொறாமை ஊறும் இடத்தையும் அடைக்க வேண்டும். வீண்பேச்சுக்குக் கூடும் பழக்கத்தையும் குறைக்க வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வதிகாரம் துறவறவியலில் இல்லை, இல்லறவியலில் உள்ளது. காட்டில் தனித்திருப்போனுக்கு அடுத்த வீடு இல்லை, பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை. ஊர் நடுவே, உறவு நடுவே, கொடுக்கல் வாங்கல் நடுவே வாழ்வோனுக்கே இச்சோதனை நாள்தோறும் வருகின்றது. ஆதலின் இஃது இல்லறத்தார்க்குரிய அறமாயிற்று. கண்ணோட்டமின்றி நேர்நின்று கடுஞ்சொல் கூறுவதைக்கூட வள்ளுவர் ஒருவாறு பொறுக்கிறார். ஒருவர் இல்லாத இடத்தில், விளைவைக் கருதாது கூறும் சொல்லை அவர் பொறுத்தாரல்லர்.

நோன்பில் ஓர் உறுப்பு

ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவை 30 பாசுரங்களை உடையது. அதன் இரண்டாம் பாசுரம் பாவை நோன்பு நோற்கும் ஆயர் சிறுமியர் மேற்கொண்ட நெறிகளைத் தொகுத்துரைக்கின்றது. நெய்யும் பாலும் உண்ணாமை, விடியலில் நீராடுதல், கண்ணுக்கு மை தீட்டாமை, கூந்தலில் மலர் சூடாமை, செய்யத்தகாதன செய்யாமை, ஐயமும் பிச்சையும் இயன்றவளவு ஈதல் என்னும் இவற்றோடு, தீய கோட்சொற்களைப் பிறரிடம் சென்று கூறாமையையும் நாச்சியார் சேர்த்தருளினார்.

நோன்பு என்றவுடன் உலகினர் உணவையே நினைப்பர். கார்த்திகையில் சோமவாரம், மார்கழியில் விடியல் நீராடல், தையில் பூசம், ஐப்பசியில் சட்டி என்று வயிற்றை ஒடுக்கும் நாள்களைக் குறித்துவைத்துக் காப்பர். ஆயின் வயிற்றுக்கு உணவு மறுத்த அதே நாளில் நாவுக்கு அயலார் பெயரை விருந்தாக இட்டால் அந்நோன்பு நோன்பாகுமா? உண்ணாதிருப்பது எளிது, பசி தன்னைத் தானே நினைவூட்டும். கூறாதிருத்தல் அரிது; கூறியபின்னரே நோன்பு முறிந்தது தெரியவரும். ஆயர்பாடிச் சிறுமியர்க்கும் உரிய எளிய நெறியாக இதனை நாச்சியார் காட்டியிருக்க, அறிவும் அகவையும் முதிர்ந்தோர்க்கு இஃது இயலாதென்று கூற வாயில்லை.

உண்மையாயினும் கூறலாமா?

புறங்கூறுவோர் பெரிதும் சார்ந்து நிற்பது ஒரு விடையையே. தாம் பொய் கூறவில்லை. உள்ளதையே கூறினோம் என்பர். இவ்விடைக்கு வான்மீகி முனிவர் ஆரணிய காண்டத்தில் ஒரு காட்சி வைத்துள்ளார்.

பஞ்சவடியில் பனிக்காலம். வைகறையில் இராமபிரான் சீதாபிராட்டியோடும் இளையபெருமாளோடும் கோதாவரிக்கு நீராடச் செல்கின்றார். இலக்குவன் பனிப்பருவத்தின் அழகை வருணித்துக்கொண்டே வருகின்றான். இக்குளிரில் பரதனும் சரயுவில் நீராடித் தவநெறியில் நிற்பானே என்று நினைந்து உருகுகின்றான். பரதனுடைய பண்பைப் போற்றுகின்றான். அந்நினைவிலேயே கைகேயியின் நினைவும் எழுகின்றது. தயரதனைக் கணவனாகவும் பரதனை மகனாகவும் பெற்ற ஒருத்தி இத்துணைக் கொடியவளாயது எவ்வாறு என்று வினவுகின்றான்.

இலக்குவன் கூறியது பொய்யன்று. கைகேயி வரம் வேண்டியது நாடறிந்த செய்தி. அவ்வரத்தால் நேரே துன்புற்றவர் இராமபிரானே. அவருக்கு அச்சொல் ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். எனினும் பெருமான் தம்பியைத் தடுத்தார். நடுத்தாயை இகழ்தல் வேண்டா என்றும், பரதனைப் பற்றிய பேச்சையே தொடர்க என்றும் பணித்தார்.

இச்சிறு காட்சியில் அடங்கிய நெறி பெரிது. கோதாவரிக் கரையில் கைகேயியை இகழ்ந்தமையால் அயோத்தி திரும்பப் போவதில்லை. காடு நாடாகப் போவதில்லை. கைகேயி திருந்தப் போவதுமில்லை. தாயின்மேல் ஒரு மகனுக்குக் கசப்பு மிகுதலே அதன் ஒரே பயன். உண்மையாயினும், கூறுவதால் எவர்க்கும் நலம் விளையாத இடத்தில் கூறப்படும் குற்றம் புறங்கூறலே என்பது பெருமான் செயலால் விளங்கும். தம்பியைச் சினந்து அவர் வாயடைக்கவில்லை. பேச்சின் திசையை மாற்றினார். ஒருத்தியின் குறையில் நின்ற பேச்சை மற்றொருவனின் நிறைவுக்குக் கொண்டுசென்றார். பழிப்பேச்சு எழும் இடத்தில் அடியவர் செய்யத்தக்கது யாது என்பதற்கு இதனினும் எளிய வழிகாட்டல் வேண்டுவதில்லை.

இறைவன் திருமுன்னும் கூறாமை

அவ்விராமாயணத்திலேயே இன்னும் உயர்ந்த நிலை ஒன்று காணப்படுகின்றது. இராவணன் வீழ்ந்தபின் வெற்றிச் செய்தியோடு அசோகவனத்துக்கு வந்த அனுமன், பிராட்டியைப் பல திங்கள் அச்சுறுத்திய அரக்கியரைக் கொல்ல விடை வேண்டினான். பிராட்டி இசையவில்லை. அவர்கள் அரசன் ஏவலுக்கு அடங்கிய பணிப்பெண்டிர் என்றும், குற்றமே செய்யாதவர் உலகில் எவரும் இலர் என்றும் கூறி அவர்களைக் காத்தாள்.

பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசனபூஷணத்தில் பிராட்டியின் ஒழுகலாற்றிலிருந்து ஒரு நெறியை எடுத்துக்காட்டினார். அரக்கியர் தனக்கு இழைத்த தீங்கைப் பிராட்டி பெருமாளிடமும் முறையிடவில்லை. அதுபோலப் பிறர் தனக்குச் செய்த குற்றத்தை அடியவன் இறைவனிடத்தும் அறிவிக்கலாகாது என்பது அவர் கருத்து.

இக்கருத்தை நெஞ்சில் வைத்துத் திருமுன் நிற்போர் தம் வேண்டுதலைச் சற்றே ஆராய்வது நன்று. அண்ணன் பாகம் பிரித்ததில் வஞ்சித்தான், மருமகள் மதிக்கவில்லை, அடுத்த கடைக்காரன் கெடுத்தான் என்று கருவறை வாயிலிலும் புறங்கூறல் நுழைந்துவிடுகின்றது. எல்லாம் அறிந்த இறைவனுக்கு எவர் குற்றத்தையும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. துன்பத்தைச் சொல்லி அழலாம், துணை வேண்டலாம், துன்பம் செய்தவர்க்கும் நல்லறிவு வேண்டலாம். அவர்மேல் வழக்குத் தொடுக்கும் மன்றமாகத் திருமுன்னைக் கொள்ளுதல் தகாது. வழக்குத் தொடுத்தவரும் அவ்விறைவனுக்குப் பிள்ளை, தொடுக்கப்பட்டவரும் பிள்ளை. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைத் தூற்றக் கேட்டு எந்தத் தாய் மகிழ்வாள்?

கேட்போர் பங்கு

புறங்கூறலுக்கு நா ஒன்று போதாது. செவி ஒன்றும் வேண்டும். செவி மறுத்துவிட்டால் நா ஓய்ந்துவிடும். கேட்போர் தாம் ஒன்றும் கூறவில்லை என்று தம்மைத் தேற்றிக்கொள்வது வழக்கம். அவர்கள் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைதல் வேண்டும்.

அரசியின் சிலம்பைக் களவு செய்தவன் பொற்கொல்லன். அவன் தன் குற்றத்தை மறைக்கக் கோவலன்மேல் கோள் கூறினான். அரசனோ தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தான். அவ்விரைவில் கோவலனை அழைக்கவில்லை. அவன் வாய்மொழி கேட்கவில்லை. சிலம்பை உடைத்து நோக்கவும் இல்லை. அரசியின் சிலம்பிலிருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிலிருந்த பரல் மாணிக்கம். சிலம்பின் பரல் யாது என்ற ஒரு வினாவைக் கோவலனிடம் கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும், கண்ணகி கைம்மையுற்றிராள், அரசனும் தேவியும் மாய்ந்திரார், மதுரை மாநகரும் எரியுண்டிராது. கோள் கூறியவன் ஒருவனே. அதனைக் கேட்டு, கேளாதவற்றைக் கேளாமலே நம்பியவன் செங்கோல் ஏந்திய அரசன். வளைந்த கோல் தன் உயிரைக் கொண்டதென்று அவனே உணர்ந்து அரியணையில் வீழ்ந்தான்.

ஆதலின் ஒருவரைப் பற்றிய பழி செவிக்கு எட்டும்போதெல்லாம் பாண்டியன் கேட்கத் தவறிய வினாவை எவரும் கேட்கலாம்: அவரை அழைத்துக் கேட்டாயிற்றா? இவ்வொரு வினாவுக்கு முன் பெரும்பாலான புறஞ்சொற்கள் நிற்கமாட்டா.

தீமையை மறைத்தலா?

இனி ஓர் ஐயம் எழும். பிறர் குற்றத்தைக் கூறலாகாதென்றால், தீமை செய்வோரைக் கண்டும் காணாதிருப்பதா? கோயிற் பொருளைக் கவர்வோனையும் ஏழையை ஏய்ப்போனையும் எவரும் தட்டிக்கேட்க வேண்டாவா?

வேண்டும். தட்டிக்கேட்டல் வேறு, புறங்கூறல் வேறு. கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய இடத்தில், அவர் விடையளிக்க வாய்ப்புத் தந்து கேட்பது அறம். திருத்த இயலாதவரிடம், உரியவர் இல்லாத இடத்தில், சுவைக்காகக் கூறுவது புறங்கூறல்.

சைவ உலகம் அறிந்த வரலாறு ஒன்று உண்டு. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கின்றனர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவர்களை வணங்காது சென்றதாகக் கருதிய விறன்மிண்ட நாயனார், அடியார் கூட்டத்துக்குச் சுந்தரர் புறம்பானவர் என்று அவ்வவையிலேயே வெளிப்படையாகக் கூறினார். கூறியது கடுஞ்சொல்தான். ஆயினும் அது திண்ணைப் பேச்சாகப் பரவவில்லை. உரிய அவையில் எழுந்தது. விளைவு யாது? சுந்தரர் வெகுளவில்லை. இறைவன் அடியெடுத்துக் கொடுக்கத் திருத்தொண்டத்தொகை பிறந்தது. தனியடியார் 60 பேரையும் தொகையடியார் 9 திறத்தாரையும் போற்றும் அப்பதிகத்தில், தம்மைக் கடிந்த விறன்மிண்டருக்கும் தாம் அடியேன் என்று சுந்தரர் பாடினார். சூதாடிப் பொருள் ஈட்டி அடியார்க்கு அமுதளித்த மூர்க்க நாயனாரும் அத்தொகையில் இடம்பெற்றார். சூதைக் கண்டு விலக்காது, அன்பைக் கண்டு வணங்கிய உள்ளம் அது. இல்லாதவரின் குறையை உரைப்பது புறங்கூறலாயின், திருத்தொண்டத்தொகையோ இல்லாதவரின் நலத்தையே உரைக்கும் பாட்டு. சேக்கிழாரின் பெரியபுராணம் என்னும் பெருங்காப்பியம் அவ்விதையிலிருந்து முளைத்தது.

ஊராட்சியிலும் முன்னோர் இந்நெறியைப் போற்றினர். உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஐயத்தை முணுமுணுப்பாக விடாமல், அவையறிய விதியாக்கிக் கல்லிலே வெட்டினர். கணக்கு வெளிச்சத்தில் இருக்கும் இடத்தில் முணுமுணுப்புக்கு இடமில்லை.

திருப்பணியும் திருவாக்கும்

இவ்வுண்மை திருப்பணி செய்வோர்க்கும் பொருளுதவுவோர்க்கும் மிகவும் உரியது. ஒரு கோயிலின் திருப்பணி பணமின்மையால் தடைப்படுவது உண்டு. பேச்சினால் தடைப்படுவது அதனினும் மிகுதி. கோபுரத்துக்குக் கொடுத்தவர் பெயருக்காகக் கொடுத்தார் என்பர். கொடாதவரைக் கருமி என்பர். சிறிது கொடுத்தவரை அவருக்கு இருப்பதற்கு இது போதாது என்பர். வெயிலில் நின்று வேலை பார்த்தவரை அவருக்கு இதில் என்ன ஆதாயமோ என்பர். இவ்வாறு நான்கு திசையிலும் சொல் பறந்தால், அடுத்த ஆண்டு கொடுக்க வருவோர் கை சுருங்கும். உழைக்க வருவோர் கால் தயங்கும். சாரம் கட்டிய கோபுரம் சாரத்தோடே நின்றுவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானக் கலசத்துக்குச் செப்புக் குடம் அளித்தது 1010ஆம் ஆண்டு. அக்கோயிலைக் கட்டிய இராசராச சோழன் தன் கொடையோடு தமக்கையின் கொடை, தேவியர் கொடை, பிறர் கொடை ஆகிய அனைத்தையும் விமானத்தில் வெட்டுமாறு ஆணையிட்டான். கோயிற்பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயர்களும் அங்கே கல்லில் உள்ளன. பேரரசன் கொடையும் பிறர் கொடையும் ஒரே கோயிற் கல்லில் நிற்கின்றன. அன்று அவர்களைப் பற்றி எவரேனும் புறங்கூறியிருந்தால் அச்சொல் காற்றோடு போயிற்று. கொடை நிற்கின்றது.

கணக்கில் ஐயமுடையோர் திருப்பணிக் குழுவின் கூட்டத்தில் எழுந்து கேட்கட்டும். பொறுப்புடையோர் முகஞ்சுளியாது விடை கூறட்டும். வரவும் செலவும் கோயில் வாயிலில் எழுதி வைக்கப்படட்டும். அதன்பின் தேர்முட்டியிலும் தேநீர்க் கடையிலும் பேசுவதற்கு ஒன்றும் எஞ்சாது.

நாற்பத்தெட்டு நாள்

குடமுழுக்கின் பின் 48 நாள் மண்டல பூசை நிகழும். அந்நாள்களில் நாவுக்கும் ஒரு நோன்பு ஏற்றல் நலம். அங்கு இல்லாத எவரையும் பழித்துப் பேசுவதில்லை என்பது முதல் உறுதி. பிறர் பழித்துப் பேசினால், அவரிடமே கேட்டாயிற்றா என்று வினவுதல், அல்லது இராமபிரான் செய்தது போலப் பேச்சை நன்மையின்பால் திருப்புதல் இரண்டாவது உறுதி. முன்னர் எவரைப் பழித்துப் பேசியிருந்தாரோ, அவருடைய நற்பண்பு ஒன்றை அதே மனிதர் முன்னிலையில் எடுத்துக் கூறுதல் மூன்றாவது உறுதி. இம்மூன்றாவதே கடினமானது, சிந்திய பதரைப் பொறுக்கி எடுத்தல் இயலாது, மணியையாவது கொண்டுவந்து வைக்கலாம்.

ஒருநாள் தவறினால் நோன்பு போயிற்றென்று விட்டுவிடாது, மறுநாள் காலை திருநீறு அணியும்பொழுதோ திருமண் இடும்பொழுதோ மீண்டும் தொடங்குதல் வேண்டும். 48 நாள் நா அடங்கினால், பின்னர் அடக்கமே அதற்கு இயல்பாகும். அட்டபந்தனம் கருவறையில் திருமேனியைக் காக்கும். புறங்கூறாமை ஊரில் அடியார் கூட்டத்தைக் காக்கும். இரண்டும் வெடிப்பின்றி நிலைபெற்று, கோயிலும் குடியும் ஒருங்கே ஓங்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்பதாக.